கொல்லைக் கேட் உரசுகிறதா? கோளாறைப் பார்த்து அளவைத் திருத்தும் வழி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் கேட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போது நடக்கிற பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். "தம்பி, பத்தடிக்கு அஞ்சடி போட்டுரு." "சரிங்க ஆச்சி." அந்தப் பத்தடி தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியா, கேட்டின் அகலமா என்று ஆச்சியும் சொல்லவில்லை, தம்பியும் கேட்கவில்லை. பிறகு கேட் மாட்டவில்லை என்றால் வெல்டிங்கைத்தான் திட்டுவோம். தப்பு பெரும்பாலும் டேப் பிடித்த கையில் இருக்கும்.

கேட் ஏற்கெனவே நிற்கிறது, தொல்லை தருகிறது என்றால் கீழே உங்கள் கோளாறு எது என்று பார்த்து அங்கே போங்கள். புதிதாகப் போடப்போகிறவர்கள் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு அளக்கப் போனால் போதும்.

கையில் வேண்டியவை: 5 மீட்டர் டேப், தூக்குக்குண்டு, 2 அடி ரசமட்டம், தண்ணீர் நிரப்பிய மட்ட டியூப், கொஞ்சம் சணல், ஒரு பிடி கோலமாவு. அளவை அடி, அங்குலம், நூலில் எழுதினால் நம் பக்கப் பட்டறையில் குழப்பம் வராது. 8 நூல் 1 அங்குலம். ஒரு நூல் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட.

பூட்டுப் பக்கம் தூணில் இடிக்கிறது, கொண்டி பொருந்தவில்லை

கேட்டை மூடிவைத்து, தூணுக்கும் கேட்டுக்கும் நடுவில் உள்ள சந்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி நெருக்கமாக இருந்தால் அகல அளவே தப்பு. மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால், கேட் தொங்கியிருக்க வேண்டும் அல்லது தூண் சாய்ந்திருக்க வேண்டும். எது என்று தெரிய ரசமட்டத்தைக் கேட்டின் மேல்சட்டத்தில் வையுங்கள். பூட்டுப் பக்கம் தாழ்ந்திருந்தால் கேட் தொங்கியிருக்கிறது. குமிழி நடுவில் நின்றால் கேட்டின் மேல் குற்றமில்லை. தூக்குக்குண்டைத் தூண் ஓரமாக விட்டுப் பாருங்கள், சாய்வு தெரிந்துவிடும்.

தொங்கிய கேட்டில் இன்னொரு சோதனை: மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். இரண்டும் சமம் என்றால் சட்டம் நேராக இருக்கிறது, கீலோ தூணோதான் இளகியிருக்கிறது. கீல் பக்கத்து மேல்மூலையிலிருந்து பூட்டுப் பக்கத்துக் கீழ்மூலைக்கு எடுத்த அளவு கூடுதலாக வந்தால் சட்டமே கோணிவிட்டது. கீழ்மூலையில் செங்கல்லோ ஜாக்கியோ கொடுத்து, இரண்டு குறுக்களவும் சமமாகும்வரை தூக்கி, அதே குறுக்குக் கோட்டில் 25×5 மில்லிமீட்டர் ஃப்ளாட் (இரும்புப் பட்டை) ஒன்றை இழுத்து வெல்டிங் செய்தால் சரியாகும். மரக் கேட் என்றால் குறுக்குக் கட்டை எதிர்த் திசையில் போகவேண்டும்: கீல் பக்கத்துக் கீழ்மூலையில் காலூன்றி, பூட்டுப் பக்கத்து மேல்மூலையைத் தாங்க வேண்டும். இரும்புப் பட்டை இழுவைக்கு நிற்கும், மரக்கட்டை அமுக்கத்துக்கு நிற்கும். இது தலைகீழாக அடிக்கப்பட்ட மரக் கேட்டுகள் ஊருக்கு நாலு இருக்கின்றன. இரண்டு மழைக்காலம் தாங்காது.

புதுக் கேட்டே உள்ளே இறங்கவில்லை என்றால் பூச்சைச் சந்தேகப்படுங்கள். தூண் கட்டிய மறுநாள் செங்கலுக்குச் செங்கல் அளந்து ஆர்டர் கொடுத்திருப்பார்கள். பிறகு கொத்தனார் தூணுக்கு 4 நூல், 5 நூல் கனத்தில் பூசுவார். இரண்டு தூணுக்கும் சேர்த்து இடைவெளியில் ஓர் அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். பூச்சு முடிந்து காய்ந்தபின் எடுத்த அளவுதான் அளவு. தூணில் கல் ஒட்டப்போகிறீர்கள் என்றால் அதுவும் ஒட்டிய பிறகு.

அகலத்தை ஓர் இடத்தில் மட்டும் அளக்காதீர்கள். தரையிலிருந்து அரை அடி உயரத்தில், நடுவில், கேட்டின் மேல்மட்டத்தில் என்று மூன்று இடத்தில் எடுங்கள். மூன்றில் சிறியதுதான் கணக்கு. ஓர் உதாரணம்:

கீழே 10 அடி 0 அங்குலம் 6 நூல்
நடுவில் 10 அடி 0 அங்குலம் 2 நூல்
மேலே 9 அடி 11 அங்குலம் 4 நூல்

சிறியது 9 அடி 11½ அங்குலம். இரட்டைக் கதவு என்றால் கீல் பக்கம் இரண்டுக்கும் 6 நூல் வீதம் ஒன்றரை அங்குலம், நடுச் சந்துக்கு 4 நூல், ஆக 2 அங்குலம் கழியும். மிச்சம் 9 அடி 9½ அங்குலம். ஒரு கதவு 4 அடி 10 அங்குலம் 6 நூல். கீல் பக்கத்து 6 நூல் எல்லாக் கீலுக்கும் பொருந்தாது. கீலைக் கடையில் வாங்கிக் கையில் வைத்து, தூணிலிருந்து சட்டம் எவ்வளவு தள்ளி நிற்கும் என்று அளந்தபிறகே கழிக்க வேண்டும். கீலைப் பட்டறை முடிவுசெய்யட்டும் என்று விட்டால் கணக்கும் பட்டறையோடு போய்விடும். ஒற்றைக் கதவுக்குக் கீல் பக்கம் அதே 6 நூல், பூட்டுப் பக்கம் 4 நூல்.

மேலே சொன்ன உதாரணத்தில் மேலுக்கும் கீழுக்கும் 10 நூல் வித்தியாசம். மாட்டலாம், ஆனால் தூணோரம் கீழே சந்து அகன்று தெரியும். வித்தியாசம் 4 நூலைத் தாண்டினால் தூணைப் பூச்சில் நேராக்கிவிட்டு மறுபடி அளப்பதே நல்லது.

பழைய செம்புறாங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்துத் தூண் என்றால் நேராக்குகிறேன் என்று கொத்தத் தொடங்காதீர்கள். அந்தப் பூச்சில் ஒரு தட்டு பெயர்ந்தால் அதே நிறத்தில், அதே வழவழப்பில் ஒட்டுப்போட ஆள் கிடைப்பது கஷ்டம். அங்கே கேட்டைத் தூண்களுக்கு நடுவில் வைக்காமல், சுவரின் உட்புறம் தனி இரும்புக் கால் நட்டு அதில் மாட்டுங்கள். அப்போது கேட் இடைவெளியைவிடப் பக்கத்துக்கு 2 அங்குலம் அகலமாக இருந்து தூணின் பின்னால் படியும். தூண் எவ்வளவு கோணலாக இருந்தாலும் கேட்டுக்குத் தெரியாது, உரசவும் வழியில்லை. தூண் கனத்துக்குள் அடங்காததால் முழுக்கத் திறந்து சுவரோடு சாய்த்து வைக்கவும் முடியும்.

மூடும்போது சரி, திறக்கும்போது தரையில் மாட்டிக்கொள்கிறது

இந்தக் கோளாறுக்கு நம் பக்கத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு. செட்டிநாட்டு ஊர்களில் பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. கொல்லை வாசல் பின்தெருவில் இருக்கும். வீடு நல்ல உயரத்தில் நிற்கும். கொல்லை மண் வீட்டை நோக்கி ஏறும். தெரு மழைத்தண்ணீரை ஊரணிப் பக்கம் தள்ளுகிற சரிவில் இருக்கும். கேட்டோ உள்பக்கமாகத் திறக்கிறது. அப்படியென்றால் மேட்டை நோக்கித் திறக்கிறது என்று பொருள்.

மூடிய கேட்டின் கீழே எவ்வளவு சந்து என்று மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. கேட் போகிற பாதையை அளக்க வேண்டும். கீல் வரும் இடத்தில் ஓர் ஆணி அறையுங்கள். கேட்டின் அகலத்துக்குச் சணலை வெட்டி ஆணியில் மாட்டி, மறுமுனையைப் பிடித்து உள்பக்கம் நடந்தபடியே கோலமாவைச் சொட்டவிடுங்கள். தரையில் கால்வட்டம் ஒன்று வெள்ளையாக விழும். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் மண் முழுவதும் கேட்டுக்குச் சொந்தம். அங்கே துணி துவைக்கும் கல், வாழைப் பாத்தியின் வரப்பு, குழாய்க் குழி மூடி என்று எது தலைநீட்டினாலும் கேட் முட்டும். இப்போது மட்ட டியூபின் ஒரு முனையைக் கீல் இடத்தில் கட்டி, மறுமுனையை வட்டத்தின் மேல் ஐந்தாறு இடங்களில் வைத்துப் பாருங்கள். மிக உயரமான இடம் கேட் மூடும் கோட்டைவிட எத்தனை அங்குலம் மேலே என்று குறித்துக்கொண்டு, அதோடு ஒன்றரை அங்குலம் கூட்டினால், அதுதான் மூடிய கேட்டின் கீழே விடவேண்டிய சந்து.

அடிக்கு அரை அங்குலம் ஏறும் தரையில், 4 அடி 10 அங்குலக் கதவின் நுனி முழுக்கத் திறக்கும்போது தரை சுமார் இரண்டரை அங்குலம் உயர்ந்துவிடும். ஒன்றரை சேர்த்தால் 4 அங்குலம் விடவேண்டும். அதே வாசலுக்குப் பத்தடி ஒற்றைக் கதவு போட்டால் ஏற்றம் 5 அங்குலம், சந்து ஆறரை. மேட்டு நிலத்தில் இரட்டைக் கதவு போடச் சொல்வது இதனால்தான்.

சந்து பெரிதாக இருக்கிறதே, பாம்பு வருமே என்று பயந்தால், கேட் மூடும் கோட்டில் மட்டும் 2½ அங்குல உயரத்துக்குச் சிமெண்ட் வரப்பு போடலாம். கேட் அதன் மேலே தாண்டிப் போகும், வண்டிச் சக்கரமும் ஏறி இறங்கும். ஆனால் உள்ளே மேடு என்றால் ஐப்பசி மழைத்தண்ணீர் வெளியே போகிற வழியும் அதுவே. வரப்பில் ஒரு குழாய்த் துண்டு பதிக்க மறந்தால் கொல்லையில் குளம் கட்டும்.

ஏற்கெனவே மாட்டிய கேட் என்றால் வழிகள் மூன்று. மேட்டைச் சீவுவது, கீழ்ச்சட்டத்தை வெட்டி உயர்த்தி வெல்டிங் செய்வது, கீலை மேலே ஏற்றுவது. முதலில் மண்வெட்டியை எடுங்கள். செம்மண் சரளை கெட்டிதான், ஆனாலும் இரண்டு அங்குலம் சீவ ஒரு காலைப்பொழுது போதும். திறக்கத் திறக்கத் தூக்கிக்கொடுக்கும் சாய்வுக் கீல் சின்ன ஒற்றைக் கேட்டுக்குச் சரி. பெரிய கேட்டுக்கு வேண்டாம். தெருப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடலாம் என்று சிலர் யோசிப்பார்கள். அது பொதுவழி. இருட்டில் சைக்கிளில் வருகிறவன் தலையில் முட்டும்.

நன்றாக இருந்த கேட் திடீரென்று உரசத் தொடங்கினால், தரை உயர்ந்திருக்கும். பேவர் பிளாக் 60 மில்லிமீட்டர், அடியில் மணல் 30 முதல் 50 மில்லிமீட்டர். ஆகக் கிட்டத்தட்ட 4 அங்குலம். பின்னால் பேவர் பதிக்கப்போகிறோம் என்றால் இன்றே அந்த உயரத்துக்குச் செங்கல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கேட் முழுக்கத் திறந்தும் வண்டி நுழையவில்லை

தூணுக்குத் தூண் இடைவெளி வேறு, நுழையக் கிடைக்கும் வழி வேறு. தூணின் நடுக்கனத்தில் கீல் வைத்தால் கேட் ஒருகட்டத்தில் தூண் ஓரத்தில் முட்டி, வாசலுக்குச் செங்குத்தாக நின்றுவிடும். சட்டத்தின் கனமும் கீலின் இடமும் வழியில் நீட்டிக்கொண்டு இருக்கும். ஒரு கதவுக்கு 2 முதல் 3 அங்குலம் போய்விடும். தூணின் உள்முகத்தோடு சேர்த்துக் கீல் வைத்தால் கேட் பின்னால் மடங்கிச் சுவரோரம் ஒதுங்கும், அப்போது வழி ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கும்.

ஆள் நடக்கவும், உரம் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டிக்கும் 3 அடி வழி போதும். இருசக்கர வண்டியின் கைப்பிடி சுமார் இரண்டரை அடி; அதற்கு மூன்றரை வையுங்கள், தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடக்கிற ஆளுக்கும் இடம் வேண்டும் அல்லவா. குட்டியானை சுமார் 5 அடி அகலம். நேராக உள்ளே வந்தால் 8 அடி. காருக்கு 10. டிராக்டர் டிரெய்லரோடு எரு இறக்க வருமென்றால் 12.

நேராக வந்தால் என்பதுதான் இங்கே சிக்கல். பின்தெரு குறுகலாக இருந்தால் வண்டி திரும்பித்தான் நுழைய வேண்டும், அப்போது எந்தக் கணக்கும் நிற்காது. தூண் கட்டும் முன்பே, நினைத்திருக்கும் அகலத்தில் இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, வரப்போகிற வண்டியையே ஒருமுறை உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். கம்பு விழுந்தால் இன்னும் ஓரடி தள்ளி நடுங்கள். டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பது தூணை இடித்துக் கட்டுவதைவிட மலிவு.

வண்டி மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்றால் இரண்டு கதவும் சமமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 3½ அடி ஒன்று, 6½ அடி ஒன்று என்று பிரித்து, பெரியதைத் தரைத் தாழ்ப்பாளில் நிறுத்திவிட்டுச் சிறியதை நித்தம் புழங்கலாம். பெரிய கேட்டுக்குள் திட்டிவாசல் வெட்டுவது பார்க்க அழகு. ஆனால் கீழ்ச்சட்டத்தைத் தாண்டிக் காலெடுத்து வைக்கவேண்டும். வயதானவர்களும் தண்ணீர்க்குடமும் போகிற வாசலுக்கு அது ஒத்துவராது.

நகரும் கேட் போட்டால் திறக்க இடமே வேண்டாம் என்பார்கள். பக்கச் சுவர் வேண்டும்: வாசல் அகலத்தோடு குறைந்தது ஓரடி கூட்டி, மரமோ மின்கம்பமோ இல்லாத நேர்ச்சுவர். செம்மண்ணும் வேப்பிலையும் தண்டவாளத்தில் அடைந்துகொண்டே இருக்கும். தினம் பெருக்குகிற வீட்டுக்கு மட்டும் சரி.

தூண் ஆடுகிறது, கீல் பெயர்ந்து வருகிறது

அகலத்தை யோசிக்காமல் கூட்டியதன் பலன் இது. கேட்டின் எடை கீழே மட்டும் அழுத்துவதில்லை; மேல்கீலைத் தூணிலிருந்து வெளியே இழுக்கிறது. எவ்வளவு என்பது எளிய கணக்கு: எடையை அகலத்தின் பாதியால் பெருக்கி, இரண்டு கீலுக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும்.

4 அடி அகலம், 5 அடி உயரம், 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய்ச் சட்டம், உள்ளே 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி 4 அங்குல இடைவெளியில் என்றால் எடை சுமார் 35 கிலோ. கீல்கள் 4 அடி தள்ளி இருந்தால் மேல்கீலில் இழுவை 17½ கிலோ. அதே கேட்டை 6 அடி அகலமாக்கினால் எடை 52 கிலோ பக்கம் போகும், இழுவை 39 கிலோ. அகலம் ஒன்றரை மடங்கு, இழுவை இரண்டேகால் மடங்கு. அதனால்தான் ஒற்றைக் கதவு 5 அடியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். கீல்களை எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. அழகுக்காக நடுவில் நெருக்கி வைப்பது தூணுக்குச் செய்யும் துரோகம்.

முழுக்கத் தகடு அடித்த கேட் என்றால் காற்றையும் சேர்க்க வேண்டும். ஆடிக் காற்று மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் 10×5 அடித் தகட்டில் நேரே மோதினால் 60 கிலோவுக்கு மேல் தள்ளும். மறைப்பு வேண்டுமென்றால் கீழே மூன்றடி தகடு, மேலே கம்பி என்று விட்டால் காற்று போய்விடும்.

சுண்ணாம்புச் சாந்துத் தூணில் விரியும் போல்ட் நிற்காது. இறுக்க இறுக்கச் சாந்து பொடிந்து துளை பெரிதாகும். ஆடத் தொடங்கிய கீலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு துளை போடுவது பார்த்துச் சலித்த தப்பு. தனிக் கால் நடுங்கள்: 3 அங்குலச் சதுரக் குழாய், 4 மில்லிமீட்டர் கனம், தரைக்குக் கீழே இரண்டரை அடி, ஒன்றரை அடிச் சதுரக் குழியில் 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட். குழாயின் தலையில் மூடி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்கி அடியில் துருப்பிடிக்கும். ஏழு நாள் தண்ணீர் ஊற்றியபிறகே கேட்டை மாட்டுங்கள். மூன்றாம் நாளே மாட்டிவிட்டுக் கால் சாய்ந்துவிட்டது என்று சொல்வதில் பயனில்லை.

மழைக்காலத்தில் மட்டும் இறுகுகிறது

மரக் கேட் என்றால் பலகை ஈரம் குடித்து அகலத்தில் ஊதுகிறது. பலகைக்குப் பலகை ஒன்றரை நூல் சந்து விட்டு அடித்தால் ஊதினாலும் சட்டத்தைத் தள்ளாது. பலகையின் வெட்டுமுனைகளுக்கும் வர்ணம் அடியுங்கள், தண்ணீர் குடிப்பது அங்கேதான்.

இரும்புக் கேட் என்றால் "வெயிலில் விரியுது" என்று சொல்வார்கள். 12 அடி இரும்பு 30 டிகிரி சூட்டுக்கு விரிவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட, அதாவது அரை நூல்கூட இல்லை. இறுகினால் அசைவது தூண். கண்மாய் ஓரக் களிமண்ணில் இது சகஜம். மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் மண் தூணையும் கூடவே ஆட்டும். அங்கே அடித்தளத்தை ஆழப்படுத்துவதோடு, மரை போட்டு முன்பின் திருகக்கூடிய கீலாக வாங்கினால் வருஷத்துக்கு இரண்டு சுற்றுத் திருகலில் வேலை முடியும்.

மூடியே இருக்கிறது, ஆனாலும் ஆடும் கோழியும் உள்ளே

கம்பிக்குக் கம்பி 4 அங்குலம் என்பது வீட்டு முகப்புக்கான அளவு. அதில் ஆட்டுக்குட்டி உடம்பை நெளித்து வந்துவிடும். கீழே ஒன்றரை அடி உயரத்துக்கு 2 அங்குல இடைவெளி வையுங்கள். கோழிக்குஞ்சையும் நிறுத்த வேண்டுமானால் அந்த உயரத்துக்கு ஓர் அங்குல வெல்டிங் வலை. மாடு வேறு ரகம். கொம்பைக் கொடுத்துக் கேட்டையே கீலிலிருந்து தூக்கிவிடும். மேல்கீலின் ஆணியைத் தலைகீழாக வைத்து வெல்டிங் செய்தால் தூக்க முடியாது.

உயரம் 4 அடி என்றால் மாடு கழுத்தை மேலே போட்டு முருங்கையைக் கடிக்கும். 5 அடி போதும். மயிலுக்காக 7 அடி கேட்பவர்கள் உண்டு. மயில் பறந்து வரும்.

பழைய கேட் வாங்கி வந்தோம், வாசலுக்குப் பொருந்தவில்லை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நல்ல வேலைப்பாடான கேட் கண்ணில் பட்டால், வாசல் அளவைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவதைவிடக் கேட்டை வாங்கிவந்து அதற்குத் தூண் கட்டுவது மேல். இரண்டு கதவையும் தனித்தனியே அளங்கள், சம அகலம் என்று நம்பவேண்டாம். கீல் நடுவுக்கு நடு தூரம், சட்டக் கனம், எந்தக் கதவு எந்தப் பக்கம், எந்தப் பக்கமாகத் திறக்கிறது என்று எல்லாம் குறியுங்கள். கீழே குடுமி (கதவு சுழலும் முனை) நீட்டிக்கொண்டு இருந்தால் அது கல்லில் குழி வெட்டி நிறுத்துகிற வகை. குடுமியின் நீளத்தையும் உயரக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாசல் பெரிதாக இருந்தால் மிச்ச இடத்துக்கு அசையாத பக்கச் சட்டம் நிறுத்தலாம். சிறிதாக இருந்தால் கேட்டை வெட்டாதீர்கள். சுவருக்குப் பின்னால் மாட்டுங்கள். பூவேலை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சாதா வெல்டிங் குச்சியில் பற்றவைத்தால் பக்கத்திலேயே விரிசல் விடும், ஆகவே கீல்பட்டையைப் போல்ட் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. கிரைண்டரில் உலர உலரச் சுரண்டாமல் தண்ணீர் நனைத்துத் தேயுங்கள், மூக்குக்கு மாஸ்க் கட்டிக்கொண்டு. கீழே தார்ப்பாய் விரித்து, விழுகிற தூளை ஒன்றுவிடாமல் அள்ளிக் கட்டுங்கள். கீரைப் பாத்தி மண்ணில் அது விழக்கூடாது.